ஐரீன் ஃபான்ட்

பங்குத்தந்தை அந்தத் தாளை மேசைமேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் ஓரத்தில் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

திங்கட்கிழமை காலை. ஐரீன் இன்னும் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. ராயபுரத்துக் கோயில் ஒன்றின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மனிதருக்கு வாய்க்கிற மூன்று சங்கதிகளையும் பதிவேட்டில் எழுதி வருகிறவள் அவள். ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று வருத்தப்படுவதை நிறுத்தியும் வெகுகாலம் ஆகிறது. வலது கட்டைவிரலின் அடியில் ஒரு வலி குடியிருக்கிறது. முழங்காலில் இன்னொன்று. மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லாத பிறவி.

தாளை எடுத்துப் படித்தாள். நீல எழுத்து.

"மதிப்பிற்குரிய தந்தைக்கு. இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்ட ஷைனிக்கு இந்தத் திருமணத்தில் சம்மதம் இல்லை. திருமணம் வேண்டாம் என்று அவள் வீட்டில் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் ஓலைக்கு முன் அவளைத் தனியாக விசாரித்த பிறகே திருமணம் பற்றி முடிவு செய்யுங்கள்."

அடியில் பெயர் இல்லை.

கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். ஐரீன் எழுதிக் கொடுத்த ஓலைகள் எத்தனையோ. தடை சொல்லி நேரில் வந்தவர் ஒருவருமில்லை. வந்ததெல்லாம் நாலைந்து மொட்டைக் கடுதாசி. அதையும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். ஆனால் இந்த ஷைனி அவளுடைய அண்ணன் அருள்பிரகாசத்தின் ஒரே மகள். கடுதாசியில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் ஐரீனுடையது. தூக்கக் கலக்கத்தில் தானே எழுதிப் போட்டுவிட்டோமோ என்று ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் எழுதல ஃபாதர்."

அவர் இந்தப் பங்குக்கு வந்து ஆறு மாதம்தான். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். நேற்று மாலை உண்டியல் பெட்டியில் இந்தத் தாள் கிடைத்ததும் நேரே அருள்பிரகாசத்துக்குப் போன் போட்டிருக்கிறார். அண்ணன் கொதித்துப்போய், ஷைனியைக் கூப்பிட்டுப் போனை அவள் காதில் வைத்திருக்கிறான். "சம்மதம்தான் ஃபாதர்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்பன் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்வாள்.

"பொண்ணே சம்மதம்னு சொல்லியாச்சு. அப்போ இது விஷமம்" என்றார் பங்குத்தந்தை. "புதன்கிழமை சாயங்காலம் உங்க வீட்டாரை வரச் சொல்லியிருக்கேன். நீங்க எழுதலைன்னா எப்படி இல்லைன்னு எல்லார் முன்னாலயும் காட்டணும். எழுதியிருந்தா, இந்தப் பதிவேட்டை எல்லாம் உங்க கையில நான் எப்படிக் குடுத்து வைக்கிறது?"

அன்று காலை மாடிப்படியில் காபி இல்லாதது ஏன் என்று ஐரீனுக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் அவள் வாசம். தினமும் ஆறு மணிக்கு அண்ணி கிறிஸ்டினா நாலாவது படியில் ஒரு டம்ளர் காபியை மூடி வைப்பாள். பால் திரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஐரீன் இறங்கி வந்திருந்தாள்.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

ஊரடங்கு சமயத்தில் தெருமுனை டிடிபி கடை ஜெரி கல்யாணப் பத்திரிகையும் இல்லாமல், ஃப்ளெக்ஸும் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். சும்மா இருந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துரு செய்யக் கற்றுக்கொண்டான். ஒருநாள் கட்டம் கட்டமாக அடித்த தாள்களைக் கொண்டுவந்து, "யக்கா, உன் எயுத்து சோக்கா கீதுக்கா. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எயுத்து எயுதிக் குடு, போதும்" என்றான். அவளும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அ முதல் ன வரை, கொம்பும் காலும் கொக்கியுமாக. எழுதி முடித்தபோது கை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஜெரி அதற்கு 'ஐரீன்' என்றே பெயர் வைத்தான்.

அழகான எழுத்துதான், மறுப்பதற்கில்லை. லேசாக வலப்பக்கம் சாய்ந்திருக்கும். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களின் சாய்வு அல்ல. பூசைக்கு நேரத்தோடு கிளம்பியவர்களின் நிதானமான சாய்வு. ர-வின் கால் கோட்டுக்குக் கீழே இறங்கி ஒரு சின்ன வளைவு போட்டு நிற்கும். ழ-வின் வால் அடுத்த எழுத்தின் அடிவரை போய்த் தொட்டுவிட்டு வரும். தடித்த இடமும் மெலிந்த இடமும் பேனாவை அழுத்தி எடுத்ததுபோலவே இருக்கும். பெரிதாக இரண்டு மூன்று சொல் போட்டால் கண்ணை எடுக்க முடியாது; பக்கம் முழுக்கப் போட்டால் கண் வலிக்கும். "பேருக்கும், வாழ்த்துக்கும் மட்டும்தான் இத்த போடணும். விலாசத்துக்குப் போட்டா தபால்காரன் நம்மள தேடிகினு வருவான்" என்று ஜெரி ஒரு விதி வைத்திருந்தான்.

விதியை யார் மதித்தார்கள்? கல்யாணப் பத்திரிகையில் தொடங்கி, முதல் நற்கருணைக்குப் போய், மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸுக்கு ஏறி, பிரியாணிக் கடைப் பலகையில் வந்து நின்றது. ஆட்டோவின் முதுகில் 'அம்மாவின் ஆசி'. ஞானதுரை மளிகைக் கடை வாசலில் 'செருப்பை வெளியே விடவும்'. கொருக்குப்பேட்டை ரயில்வே சுவரோரம் 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்றும் ஐரீனின் கை எழுதியிருந்தது. அதன் கீழேயே அசுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலிக்குக்கூட அதைத்தான் கேட்டார்கள். இறந்தவர் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் இருந்தது. முதலில் ஐரீனுக்குப் பெருமையாக இருந்தது, பிறகு கூச்சமாக, பிறகு ஒன்றுமில்லை. கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு பேருந்து நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே எங்காவது அவள் கையெழுத்து தெரியும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஷைனியின் கல்யாணப் பத்திரிகையும் அதே எழுத்துதான். ஐந்நூறு பிரதி, கீழ்வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

அன்று மாலை ஐரீன் வீட்டுக்குள் கால் வைத்ததுமே கிறிஸ்டினா ஆரம்பித்தாள்.

"இன்னா ஐரீனு, நல்லாத்தானே சோறு போட்டோம்? எம் பொண்ணு வாய்க்கையில மண்ணள்ளிப் போட உனக்கு எப்புடி மனசு வந்துச்சி?"

"நான் எழுதல அண்ணி. அது ஜெரி பண்ண எழுத்து. ஊரு பூரா கீது. யார்னா தட்டியிருப்பாங்க."

"ஊரு பூரா கீதே, ஊருக்குத் தெரியுமா எங்க வூட்டுல நடக்கிறது? அவ வேணான்னு சொன்னாளா, சொல்லலியான்னு வூட்டுல கீறவங்களுக்குத்தானே தெரியும்? கையால எயுதினா இன்னா, தட்டினா இன்னா? வயித்தெரிச்சல் வயித்தெரிச்சல்தானே!"

நியாயமான கேள்விதான். ஐரீன் அண்ணனைப் பார்த்தாள். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணைத் தொலைக்காட்சியைவிட்டு அவன் எடுக்கவேயில்லை. ஷைனி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்து, படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுவதில்கூட அண்ணியோடு பாதி பங்கு போட்டுக்கொண்டவளுக்கு அந்த 'வயித்தெரிச்சல்' என்ற சொல் வலித்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் படியேறிப் படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கிய நகலோடு ஜெரியின் கடைக்குப் போனாள். அவன் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான்.

"நம்ம ஃபான்ட்டுதான்க்கா. கையால எயுதினது இல்ல. பாரு, எல்லா 'ம்'மும் ஒரே அச்சு. மனுசன் கை ஒரே எயுத்த ரெண்டு தபா ஒரே மாதிரி எயுதாது."

"அது தெரியுதுடா. யார் அடிச்சதுன்னு தெரியணும்."

"அத்த எப்படிக் கண்டுபிடிக்கிறது? பென்டிரைவுல ஏறி பெரம்பூரு வரைக்கும் பூட்ச்சி."

ஐரீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை மறுபடி பார்த்தாள். திருமணம், வேண்டாம், இரண்டாம் என்று ண ஐந்து இடத்தில் வந்திருந்தது. ஐந்து இடத்திலும் அதன் நடுச்சுழியில் மயிரிழை அளவுக்கு ஒரு வெட்டு. அந்த வெட்டை அவளுக்குத் தெரியும். கட்டத்தில் ண எழுதும்போது காற்றில் தாள் நகர்ந்து பேனா ஒரு இடத்தில் மை விடாமல் தாவியது. திருப்பி எழுதச் சோம்பலாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள்.

"இந்த ண பாரு ஜெரி."

அவன் குனிந்தான். "அட, ஆமா! இது மொத ஃபைலுக்கா. அந்த ஓட்டைய நான் அடைச்சிட்டேனே. அடைச்சப்புறம்தான் வெளிய வுட்டேன். கடைங்கள்ல இருக்குறது எல்லாமே அடைச்சதுதான். இந்த மொத ஃபைலு எங்கிட்ட மட்டும்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"சொல்லு."

"ஷைனிக்குக் குடுத்தேன்க்கா. காலேஜுல ஏதோ அட்டை பண்ணணும்னு கேட்டுச்சி. லேப்டாப்புல போட்டுக் குடுத்தேன். வேற யாருக்கும் தர்ல. மெய்யாலுமே."

கடை வாசலில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டே பீப் பீப் என்று கத்தியது. ஐரீன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். தன் வேலை தப்பித்தது, வீடு தப்பித்தது. நாளைக்கு இந்த ஐந்து ண-வைக் காட்டினால் போதும். சந்தோஷம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை.

"யாராண்டயும் சொல்லாதடா" என்றாள்.

ஷைனி திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மாலை ஆறேகாலுக்குப் பேருந்திலிருந்து இறங்கியவள், நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். ஐரீன் தாளை எடுத்து, ண மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

ஷைனி பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் எழுத்துன்னா ஃபாதர் நம்புவாருன்னு நெனச்சேன் அத்தை. தனியா கூப்புட்டுக் கேப்பாரு, சொல்லிடலாம்னு இருந்தேன். அவரு அப்பாவுக்குப் போன் போடுவாருன்னு யார் கண்டா?"

"என் பொழப்பு போவுமேன்னு நெனைக்கலையா?"

"நெனைக்கல. தப்புதான்." அவள் கைப்பேசியை நீட்டினாள். திரை முழுக்க மாப்பிள்ளையின் செய்திகள். "இத்தப் பாரு. ஃப்ரெடி. பத்து மணிக்கு ஒரு போட்டோ கேக்குறான், பதினோரு மணிக்கு ஒரு போட்டோ கேக்குறான். எங்க குந்திகினு கீறேன், பக்கத்துல யாருன்னு காட்டணும். லேட்டானா இருபது தபா போன். மூணாவது ஓலை ஆனவொடனே வேலைய வுட்டுடணுமாம்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல, ஷைனி?"

ஷைனி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் ஐரீனால் தாங்க முடியவில்லை.

"சொன்னேனே அத்தை. தபசு காலத்துல, சிலுவைப்பாதை முடிஞ்சி வரும்போது, உன்னாண்டதான் மொதல்ல சொன்னேன். நீ இன்னா சொன்ன? 'எல்லாம் சரியாப்பூடும், போய்ப் படு'ன்ன."

ஐரீனுக்கு நினைவு வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்து வெள்ளிக்கிழமை. அன்று முழங்கால் வலி. சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலத்துக்கும் மண்டியிட்டு எழுந்து வந்திருந்தாள். பிள்ளை ஏதோ சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. இந்த உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அவள் அதைத்தான் சொல்வாள்: எல்லாம் சரியாப்பூடும். ஆறுதல் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது ஆறுதல் இல்லை, அலுப்பு. கேட்க முடியாதவள் கதவைச் சாத்துகிற சத்தம். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நாளைக்கு இத்தக் காட்டப் போறியா?" என்றாள் ஷைனி.

"தெரியல. எழுந்திரு. கால் மரத்துப்போச்சி."

புதன்கிழமை மாலை அலுவலகத்தில் நாற்காலி போதாமல் பூசையில் உதவும் பீடச் சிறுவர்களின் பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். அருள்பிரகாசம் ஒரு ஓரம், கிறிஸ்டினா நடுவில், அவளுடைய பிடியில் ஷைனி. பங்குத்தந்தை கடுதாசியை எடுத்து வைத்தார்.

"ஐரீன், இதை எழுதினது நீங்களா?"

"இல்ல ஃபாதர்."

"அப்படின்னா யார்னு தெரியுமா? இது நீங்க இல்லைன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

பையில் நகல் இருந்தது. ண-க்களை அவள் பென்சிலால் வட்டம் போட்டுக்கூட வைத்திருந்தாள். ஷைனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் காட்டிக்கொடுத்தால் இவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், அப்புறம் அந்த மன்னிப்பின் வேகத்திலேயே கல்யாணத்தையும் முடித்துவிடுவார்கள். இருபத்தாறு வருடம் ஓலை எழுதியவளுக்கு அது தெரியாதா.

ஐரீன் பையைத் தொடவில்லை. மேசையிலிருந்த வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்துப் பேனாவை எடுத்தாள்.

"அத்த நான் எழுதல ஃபாதர். ஆனா எழுதியிருக்கணும். இப்ப எழுதுறேன்."

கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. சாய்வு கோணியது, ர-வின் கால் வளையாமல் குத்தி நின்றது, ழ-வின் வால் பாதியில் அறுந்தது. பிரியாணிக் கடைப் பலகையில் இருக்கும் எழுத்துக்கு இது ஒன்றுவிட்ட உறவுபோல்தான் இருந்தது. "என் அண்ணன் மகள் ஷைனி இந்தத் திருமணம் வேண்டாமென்று தபசு காலத்தில் என்னிடம் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. அது என் தப்பு. அவளைத் தனியாக விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அடியில் முழுப் பெயரையும் எழுதித் தேதி போட்டாள்.

"பேரில்லாத காயிதத்தத்தானே கிழிச்சிப் போடணும்? இதுல பேர் கீது" என்று நீட்டினாள்.

கிறிஸ்டினா எழுந்துவிட்டாள். "பாத்தீங்களா ஃபாதர்! வாயாலேயே ஒத்துக்கினா பாருங்க!"

"நான் அடிச்சதும்மா" என்றாள் ஷைனி.

குரல் சின்னதாகத்தான் வந்தது. அம்மாவின் கையை விடுவித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். "அந்தக் காயிதம் நான் அடிச்சது ஃபாதர். அத்தைக்குத் தெரியாது. எனக்கு இஷ்டம் இல்ல. போன்ல சம்மதம்னு சொன்னது அப்பா பக்கத்துல இருந்ததால."

கிறிஸ்டினா ஓங்கிய கையை அருள்பிரகாசம் பிடித்துக்கொண்டான். அவன் தங்கையைத்தான் பார்த்தான். மூன்று நாளில் முதல் தடவை.

"தபசு காலத்துலயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. கேட்டுட்டு சும்மா இருந்துட்டேன்."

அவன் கையை மெல்லக் கீழே இறக்கினான். "என்னாண்டயும் சொல்லிச்சி" என்றான். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்த அன்னிக்கி. டிவி சவுண்ட ஏத்தி வெச்சிகினேன்."

எழுந்து வெளியே போனான். கிறிஸ்டினா அழுதுகொண்டே பின்னால் போனாள். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன் போட்டது தன் தவறு என்றார். மூன்றாம் ஓலை வாசிக்கப்படாது. மாப்பிள்ளை வீட்டில் தானே நேரில் போய்ப் பேசுவதாகவும், பதிவேட்டோடு வைக்கப் பெண் கையால் ஒரு கடிதம் காலையில் வேண்டும் என்றும் சொன்னார். பதிவேட்டைப் பற்றி ஐரீன் கேட்கவில்லை. அவரே அதை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இருவரும் நடந்தே வந்தார்கள். கீழ்வீட்டில் விளக்கெரிந்தது. ஃப்ரிட்ஜின் மேல் பத்திரிகைக் கட்டு அப்படியே இருந்தது. மாடி அறைக்கு வந்ததும் ஐரீன் கட்டிலில் காலை நீட்டினாள். அண்ணி இதை லேசில் மன்னிக்கமாட்டாள். நாளைக்கும் படியில் காபி இருக்காது. நாளன்றைக்கும் இருக்காது.

ஷைனி தாளும் பேனாவும் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தாள். "அத்தை, நீயே எழுதிடு. நான் கையெழுத்துப் போடுறேன். என் எழுத்து கோழி கிண்டினா மாதிரி இருக்கும்."

எடுத்து எழுதிவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. முடிந்துவிடும், படுத்துவிடலாம். ஐரீனின் கை பேனாவரை போனது. பிறகு திரும்பி வந்தது.

"ஒவ்வொரு தபாவும் என் கையிலயே பேசுவியா நீ? கோழி கிண்டினா கிண்டட்டும். குந்தி எழுது."

ஷைனி தரையில் உட்கார்ந்து, கட்டிலையே மேசையாக்கிக்கொண்டு எழுதத் தொடங்கினாள். வரி ஒரு பக்கம் ஏறியது, ஒரு பக்கம் இறங்கியது. இரண்டு இடத்தில் அடித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "எல்லாத்தையும் எழுதட்டுமா அத்தை? போட்டோ கேட்டது, போன் போட்டது எல்லாம்?" என்றாள்.

கண் சொருகிக்கொண்டு வந்தது ஐரீனுக்கு. இந்த மூன்று நாள் அலுப்பு அல்ல, முப்பது வருட அலுப்பு. இருந்தும் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல என்னாண்ட சொல்லு. கேக்குறேன்" என்றாள். "அப்பால எழுதலாம்."